நல்ல மரம் ஒன்று போதாதா?

மழைக்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே ஒரு எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இத்தனை ஹெக்டரில் இத்தனை வகை மரங்கள் என்று. படிப்பவர் "அடேயப்பா" என்பார், அடுத்த பத்திக்குப் போய்விடுவார். என் அப்பா அப்படிப் போகவில்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, பிறகு ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராகி, தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிய பிறகும் அதே மண்ணில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அதே மாநிலத்தில் இருக்கும் பாசோ மழைக்காட்டில் ஐம்பது ஹெக்டருக்குள் 800க்கும் மேற்பட்ட மர வகைகளை எண்ணியிருக்கிறார்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "அவ்வளவு வகை எதுக்கும்மா? நல்ல மரம் ஒண்ணு இருந்தா அதுதானே காட்டைப் புடிச்சிருக்கணும்?"

அதில் கிண்டல் எதுவும் இல்லை. ஒரே வகையை வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் களை என்று வெட்டிப்போட்டு ஆயுள் முழுக்க மரம் வளர்த்த மனிதருக்கு வரக்கூடிய நியாயமான சந்தேகம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எல்லா மரத்துக்கும் வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான்: வெளிச்சம், தண்ணீர், மண்ணிலிருந்து சில சத்துகள். அப்படியிருக்க, ஒரு இடத்து மண்ணுக்கும் மழைக்கும் எது மிகப் பொருத்தமோ அந்த மரம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவற்றை ஓரங்கட்டி இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வடக்கே பின்லாந்திலும் சைபீரியாவிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. மணிக்கணக்காக ரயிலில் போனாலும் பைன், ஸ்புரூஸ், பிர்ச் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகளே சன்னலில் வந்துகொண்டிருக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஏன் அப்படி நடக்கவில்லை? அப்பா கேட்டது இதைத்தான். சூழலியல் அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பதும் இதோடுதான்.

நம் ஊரில் இதற்கென்று தயாராகச் சில பதில்கள் உண்டு. மண் வளம் என்பார்கள். தோட்டத்தில் வளர்ந்த யாரிடமும் இது எடுபடாது. காட்டை அழித்த நிலத்தில் ரப்பர் நடும்போது முதலில் தரை மூடும் கொடியைப் பரப்பி, அப்புறம் மூட்டை மூட்டையாக உரம் போட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் செம்மண்ணில் பெரிதாக எதுவும் இல்லை. மழை என்பார்கள். பாசோ இருப்பது ஜெலெபு மாவட்டத்தில். மலேசியாவிலேயே மழை குறைந்த இடம் எது என்ற பள்ளிக்கூடக் கேள்விக்குப் பதில் அந்த ஜெலெபுதான். பழமை என்பார்கள். 13 கோடி ஆண்டுப் பழைய காடு என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் எதையெடுத்தாலும் போட்டுவிடுகின்றன. சரி, பனியுகம் இங்கே காட்டைத் துடைத்துப் போடவில்லை, நீண்ட காலம் கிடைத்தது, அதனால் புதுப்புது வகைகள் தோன்றின என்றே வைத்துக்கொள்வோம். இத்தனை வகை எப்படி வந்தன என்பதற்கு அது பதிலாகலாம். வந்தவை எல்லாம் ஒன்றையொன்று விரட்டாமல் எப்படி அக்கம்பக்கமாக இருக்கின்றன என்பதற்குப் பதிலாகாது.

தகடு கட்டிய காடு

பாசோ காட்டுக்கு அனுமதி வாங்கித்தான் போக முடியும். சிம்பாங் பெர்தாங் தாண்டிப் போகும்போது கடைசிவரை செம்பனைதான். பிறகு சட்டென்று காடு எழுந்து நிற்கிறது. உள்ளே போனால் முதலில் ஏமாற்றம்தான். படங்களில் வருவதுபோல் ராட்சத மரங்கள் வரிசைகட்டி நிற்பதில்லை. எங்கு திரும்பினாலும் ஒல்லி ஒல்லியான கம்புகள், மங்கிய வெளிச்சம், எல்லா மரத்திலும் ஓரத்தில் பல் இல்லாத, நுனி நீண்ட ஒரே மாதிரி இலைகள். பூவும் கனியும் இருந்தாலும் முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கும், கழுத்து வலிதான் மிச்சம். மரம் தெரிந்தவர்கள் பட்டையை லேசாகக் கீறி உள்நிறத்தைப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், பால் வடிகிறதா பிசின் வருகிறதா என்று காத்திருக்கிறார்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

1985இல் தொடங்கி இந்தக் காட்டில் ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு செவ்வக நிலத்தை அளந்தார்கள். நம் கணக்கில் 120 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். கெப்போங்கில் இருக்கும் மலேசிய வன ஆய்வு நிறுவனம் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த வேலை. ஐந்து வருடம் முன்பு பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஸ்டீபன் ஹபலும் ராபின் ஃபாஸ்டரும் தொடங்கிய முறையைத்தான் இங்கும் பின்பற்றினார்கள். நெஞ்சு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமன் இருந்தால் போதும், அது மரம். அதற்கு ஒரு எண், ஒரு அலுமினியத் தகடு, வரைபடத்தில் ஒரு புள்ளி, ஒரு பெயர். 330,000க்கும் மேற்பட்ட மரங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி போய் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும், செத்ததைக் குறிக்க வேண்டும், புதிதாக ஒரு சென்டிமீட்டரை எட்டியதைச் சேர்க்க வேண்டும்.

இதில் எனக்கு மலைப்பாக இருப்பது அந்தப் பெயர் வைக்கும் வேலைதான். அளக்க யாரையும் பழக்கிவிடலாம். சுண்டுவிரல் தடிமனில், பூவும் காயும் இல்லாமல், நாலு இலையோடு நிற்கும் ஒரு கம்பைப் பார்த்து இது இன்ன வகை என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? கே. எம். கொச்சும்மன் அப்படிப்பட்ட ஒருவர். வன ஆய்வு நிறுவனத்தில் மலாயா மரங்களோடு வாழ்ந்த தாவரவியலாளர். அவரும் ஜேம்ஸ் லாஃபிராங்கியும் என். மனோகரனும் சேர்ந்து 1990இல் வெளியிட்ட பட்டியல்தான் பாசோவைப் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படை. கோட்பாடு சொன்னவர்களின் பெயர் பாடப்புத்தகத்தில் வந்துவிடுகிறது. பட்டையைக் கீறி மோந்து பார்த்தவரின் பெயர் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. கொச்சும்மன்கள் இல்லாவிட்டால் கோட்பாட்டுக்காரர்கள் எதை வைத்துச் சண்டை போட்டிருப்பார்கள்?

அந்தப் பட்டியலைப் படித்தால் பாதி உறவுகள் நமக்குத் தெரிந்தவைதான். நாவல் மரத்தின் இனத்தில் மட்டும் டசன் கணக்கில் வகைகள் இருக்கின்றன, மலாய்க்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கெலாட் என்பார்கள். மாமரத்தின் காட்டு உறவுகள், பலாவின் உறவுகள், புன்னையின் உறவுகள், சாதிக்காய்க் குடும்பம், கருங்காலி இனம், மங்குஸ்தான் இனம் என்று போய்க்கொண்டே இருக்கும். மேல்தட்டில் மெராந்தி, கெருயிங், செங்கால் போன்ற பெரிய மரங்கள். எண்ணிக்கையில் முதலிடம் ரம்புத்தான் பாச்சாட் என்கிற, ரம்புத்தான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்ன மரத்துக்கு. ஆனால் முதலிடம் என்றாலும் மொத்த மரங்களில் நூற்றுக்கு மூன்றைக்கூட அது தொடவில்லை. மறுகோடியில், ஐம்பது ஹெக்டரிலும் சேர்த்து ஒரே ஒரு மரம் மட்டும் உள்ள வகைகளும் இருக்கின்றன. 800 என்ற எண்ணைவிட இதுதான் என்னை உறுத்தியது. எதுவுமே பெரும்பான்மை ஆகவில்லை.

அப்பாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஜோடி எங்கே?" என்று தேட ஆரம்பித்துவிட்டார். நிரையில் நடந்து பழகிய கண், அடுத்ததும் இதே மரமாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. 1854இல் மலாக்காவுக்கு வந்து லெடாங் மலை ஏறிய ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ், வெப்பமண்டலக் காடுகளைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோது இதே அனுபவத்தைக் குறித்திருக்கிறார். ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு அதுபோல் இன்னொன்றைத் தேடினால் எந்தப் பக்கம் திரும்பியும் கிடைப்பதில்லை என்று.

வேர்க்குழி

இந்த இடத்தில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோஸ்டா ரிக்காவில் வேலை செய்த டேனியல் ஜான்சன் 1970இல் ஒரு யோசனையை முன்வைத்தார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் காடுகளில் மரக்கன்றுகளைத் தொடர்ந்து எண்ணிவந்த ஜோசப் கொனெல் ஏறக்குறைய அதையே தனியாக 1971இல் சொன்னார். சுருக்கம் இதுதான். ஒரு மரத்தின் விதைகள் பெரும்பாலும் அதன் காலடியிலேயே விழுகின்றன. ஆனால் அந்த மரத்தையே நம்பி வாழும் வண்டும் புழுவும் பூஞ்சையும் அங்கேதான் கூடாரம் போட்டிருக்கின்றன. அதனால் தாயின் அடியில் பிள்ளை பிழைப்பதில்லை. எட்டிப்போய் விழுந்த ஒன்றிரண்டு பிழைக்கும். தாயின் அடியில் காலியாகும் இடத்தில் வேறு வகை மரம் வரும், ஏனென்றால் அந்த எதிரிகள் அதைத் தொடுவதில்லை. எது அதிகமாகிறதோ அதற்கு எதிரி அதிகமாகும். எது அரிதோ அது தப்பிக்கும். எந்த மரமும் காட்டைப் பிடிக்க முடியாது.

படித்தபோது அழகாகத்தான் இருந்தது, ஆனால் மனதில் ஒட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை ஒன்று 800 வகை மரங்களைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்பது கொஞ்சம் சௌகரியமான விளக்கமாகப் பட்டது. அப்பாவிடம் பாதி சொல்லியிருப்பேன், கையைக் காட்டி நிறுத்தினார். "அதாம்மா வெள்ளை வேர்."

அவர் வாலிபத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போன காலத்தில் செய்த ஒரு காரியத்தைச் சொன்னார். நிரையில் நடுவே ஒரு பால்மரம் திடீரென்று இலை மஞ்சளாகிக் காய்ந்துவிடும். அதைத் தோண்டினால் வேர் முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருக்கும். அடுத்த வருடம் அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அப்படியே விட்டால் நடுவில் சொட்டை விழுந்த மாதிரி ஒரு வட்டம் விரிந்துகொண்டே போகும். ஒரு மரத்தின் வேர் பக்கத்து மரத்தின் வேரைத் தொட்டால் போதும், நூல் தாவிவிடும். அதனால் செத்த மரத்தைச் சுற்றி ஆழமாகக் குழி வெட்டி வேர்த் தொடர்பை அறுக்க வேண்டும். "காலையில பெரட்டுல பேர் கொடுத்தா நாள் முழுக்க இதே வேலைதான். மரத்தை மரத்துகிட்டயிருந்து பிரிச்சு வைக்கிறது." அந்த நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பழைய காட்டு மரத்து அடிக்கட்டையிலேர்ந்துதான்" என்றார். அதுவும் சரி. அந்தப் பூஞ்சை இந்தக் காட்டின் பழைய குடி. ஒரே வகையை மட்டும் பிடிக்கும் ரகமும் இல்லை, பல மரங்களின் வேரில் ஒண்டி வாழ்வது. காட்டில் அடக்கமாக இருந்தது, வேரோடு வேர் உரச ஒரே மரம் ஏக்கர் கணக்கில் கிடைத்ததும் அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

காட்டில் தூரம் தானாகச் செய்வதைத் தோட்டத்தில் அப்பா மண்வெட்டியால் செய்திருக்கிறார். அன்றுதான் அந்தக் கோட்பாடு எனக்கு ஒட்டியது. அதோடு நிற்கவில்லை. ரப்பர் மரம் சொந்த ஊரில் எப்படி இருக்கிறது என்று தேடப்போய், கதை இன்னும் பெரிதாகிவிட்டது.

அமேசான் காட்டில் ரப்பர் மரம் ஹெக்டருக்கு ஒன்றோ இரண்டோ என்று சிதறித்தான் நிற்கும். அங்கே அதன் இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது. இது வெள்ளை வேர் மாதிரி இல்லை, ரப்பர் இனத்தை மட்டுமே குறிவைக்கும். இளம் இலை வரும்போதெல்லாம் தாக்கி உதிர்க்கும். மரங்கள் தள்ளித் தள்ளி இருக்கும்வரை பெரிய சேதம் இல்லை. ஹென்றி ஃபோர்டு 1928இல் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு ரப்பர் நகரமே கட்டினார். மலாயாவில் செய்வதுபோல் நிரை நிரையாக நட்டார்கள். கிளைகள் ஒன்றோடொன்று சேரும் பருவம் வந்ததும் நோய் கிளைக்குக் கிளை தாவியது. பக்கத்தில் பெல்தேராவில் மறுபடி முயன்றார்கள். 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் ஒப்படைத்துவிட்டு ஃபோர்டு நிறுவனம் வெளியேறியது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஹென்றி விக்ஹம் 1876இல் லண்டனுக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளும் இதே தப்பஜோஸ் வட்டாரத்தைச் சேர்ந்தவைதான். அதில் முளைத்தவை 3,000க்கும் குறைவு. மறுவருடம் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் 22. விதை கடல் தாண்டியது, இலைப் பூஞ்சை தாண்டவில்லை. எதிரியை ஊரில் விட்டுவிட்டு வந்த மரத்தைத்தான் மலாயா முழுக்க நட முடிந்தது. அதை நட்டுப் பால் வெட்டத்தான் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். நாங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கான காரணங்களில் கங்காணி உண்டு, பஞ்சம் உண்டு, வெள்ளைக்காரன் உண்டு. அந்தப் பூஞ்சை வராததையும் நான் இப்போது அதில் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இதில் பிடித்தது வேறு. பிரேசிலில் பால் வெட்டுகிறவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று கேட்டார். காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை, ஒரு பாதையில் நூறு நூற்றைம்பது மரம், விடிவதற்கு முன் கிளம்பினால் சுற்றி வரவே பல மணி நேரம் ஆகும் என்றேன். சிக்கோ மென்டிஸ் அப்படிப்பட்ட ஒரு தொழிலாளி, காடு போனால் பிழைப்பு போகும் என்று மாட்டுப் பண்ணைக்காரர்களை எதிர்த்துச் சங்கம் வைத்தார், 1988இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு நாளைக்கு நூறு மரமா? நாங்க நானூறு ஐநூறு வெட்டிட்டு பால் மங்கு கவுத்துட்டு வந்தாலே கங்காணி மொறைப்பான்" என்றார்.

பூக்கிற வருடம் மட்டும் வேறு கணக்கு

இதோடு முடிந்தது என்றால் நன்றாக இருக்கும். பாசோ அப்படி எளிதில் மடங்கவில்லை. முதல் சிக்கல், அங்கே பெரும்பாலான வகைகள் சமமாகச் சிதறி நிற்பதில்லை. புள்ளி வைத்த வரைபடங்களைப் பார்த்தால் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அரிய வகைகள் இன்னும் இறுக்கமான கொத்தாக. தாயின் அடியில் பிள்ளை பிழைக்காது என்றால் இந்தக் கொத்து எப்படி? விதை ரொம்ப தூரம் போகாததால் என்பது ஒரு பதில். நூறு விதையில் தொண்ணூற்றொன்பது சாகட்டும், அப்போதும் பக்கத்தில் விழுந்தவை அவ்வளவு அதிகம் என்பதால் பிழைத்தவையும் பக்கத்திலேயே இருக்கும். எதிரிகள் கொத்தைக் கலைப்பதில்லை, மெலிய வைக்கிறார்கள். பாரோ கொலராடோ தீவில் விதை விழுவதையும் முளைப்பதையும் வகை வகையாக எண்ணிப் பார்த்தபோது இந்த மெலிதல் தெளிவாகவே தெரிந்தது. பெலீஸ் நாட்டுக் காட்டில் சில துண்டு நிலங்களில் பூஞ்சைக்கொல்லி தெளித்துப் பார்த்தார்கள், அங்கே முளைத்த கன்றுகளில் வகைகள் குறைந்தன. 2014இல் வெளிவந்த ஆய்வு. பூஞ்சையை எடுத்தால் வகைப் பன்மை சரிகிறது என்று இவ்வளவு நேராகக் காட்டியது வேறொன்றும் என் கண்ணில் படவில்லை.

இரண்டாவது சிக்கல் மெராந்திக் குடும்பம். பாசோவில் அந்தக் குடும்பத்தில் முப்பது வகை சொச்சம்தான், ஆனால் பெரிய மரங்களில் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. இவை வருடா வருடம் பூப்பதில்லை. சில வருடங்கள் ஒன்றுமே இல்லாமல் போகும். பிறகு எல் நினோ போன்ற காலங்களில், வறட்சியோ சில இரவுகள் வழக்கத்தைவிடக் குளிராகவோ வந்தால், ஒரு வட்டாரமே சேர்ந்து பூக்கும். பாசோவில் எஸ். அப்பண்ணாவும் எச். டி. சானும் எண்பதுகளின் தொடக்கத்தில் கண்டுபிடித்த விஷயம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இந்த மெராந்திகளில் சில வகைகளுக்கு மகரந்தம் சுமப்பது இலைப்பேன், சில மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி. பெரிய மரம் லட்சக்கணக்கில் பூக்கும்போது இவ்வளவு வருடம் இல்லாத வேலைக்கு ஆள் எங்கிருந்து வரும்? இலைப்பேன் மொட்டுக்குள்ளேயே பெருகிக்கொள்கிறது, ஒரு தலைமுறைக்குச் சில நாட்கள்தான். அந்த மெராந்தி வகைகளும் ஒரே நேரத்தில் பூக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கின்றன. ஆனால் காய் மட்டும் ஒரே சமயத்தில் கொட்டும். அவ்வளவு காயையும் பன்றியும் வண்டும் தின்று தீர்க்க முடியாது, மிஞ்சியது தரையைப் பச்சையாக்கிவிடும். எதிரியிடமிருந்து விலகித் தப்புவது ஒரு வழி, எதிரியின் வயிற்றை நிரப்பித் தப்புவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது யோசனையையும் விரிவாக முன்வைத்தவர்களில் அதே ஜான்சன் ஒருவர் என்பது சுவாரசியம்.

ஸ்டீபன் ஹபல் 2001இல் இதையெல்லாம் ஒரே தட்டில் ஒதுக்கிப் பார்த்தார். எல்லா மரமும் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் சாகிறார்கள், அந்த இடத்தில் யார் வருகிறார்கள் என்பது குலுக்கல் சீட்டு, அப்போதும் காட்டில் நாம் காணும் அதே எண்ணிக்கை வடிவம் கிடைக்கும் என்றார். ஐம்பது ஹெக்டர் காட்டை முதலில் எண்ணியவரே இப்படிச் சொன்னதால் பலருக்குக் கோபம். என் கருத்தைக் கேட்டால், எத்தனை வகை அரிது, எத்தனை மிகுதி என்ற கணக்குக்கு அது பொருந்தலாம். வேர்க்குழி வெட்டியவரின் மகளுக்கு எல்லா மரமும் சமம் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

உதிரிப் பழம்

பாசோவின் மூன்று பக்கமும் செம்பனை. செம்பனை வருடம் முழுக்கக் காய்க்கும். குலை வெட்டும்போது பழங்கள் உதிரும், அது காட்டுப் பன்றிக்கு விருந்து. புலியும் சிறுத்தையும் அனேகமாக இல்லாமல் போன காட்டில் பன்றி எந்த அளவுக்குப் பெருகும்? காலன் இக்கெஸ் என்ற ஆய்வாளர் 1996இல் கணக்கிட்டபோது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள். தீனி தோட்டத்தில், பிரசவம் காட்டில். குட்டி போடும் முன் தாய்ப்பன்றி இளங்கன்றுகளைப் பிடுங்கியும் ஒடித்தும் குவித்து ஒரு கூடு கட்டும். ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான கன்றுகள். அவற்றில் தகடு கட்டியவையும் அடக்கம். நூற்றுக்கு மூன்றைத் தாண்டாமல் ஒன்றையொன்று தடுத்துவைத்திருந்த ஏற்பாட்டுக்கு நடுவே, வெளியிலிருந்து சாப்பிட்டுவிட்டு வருகிற ஒரு கூட்டம். மேத்யூ லஸ்கினும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வருடத்துக்கும் மேலான கணக்கெடுப்புகளில் காட்டின் உட்புறத்திலேயே கீழ்த்தட்டுக் கன்றுகள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. பக்கத்துத் தோட்டத்தில் கிழட்டுச் செம்பனையை வெட்டி மறுநடவு செய்த சில வருடங்கள், பழம் இல்லாததால் பன்றிகளும் குறைந்தன. கன்று காய்ப்புக்கு வந்ததும் பன்றியும் திரும்பியது. இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

பிறகு 2021இல் லஸ்கினும் மற்றவர்களும் இன்னொன்று கண்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பன்றிக் கூடுகளிலிருந்து பொறுக்கியெடுத்த தகடுகளின் எண்களை வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். பன்றி கூடு கட்ட இடம் தேடும்போது கன்றுகள் அடர்ந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறது, நடக்கும் தூரம் மிச்சம். அடர்ந்த இடம் என்றால் பெரும்பாலும் ஒரே வகை கொத்தாக முளைத்த இடம். அதாவது பன்றியும் பூஞ்சை செய்கிற அதே வேலையைச் செய்கிறது, எது அதிகமோ அதை வெட்டுகிறது. அளவாக இருந்தால் பன்றி பன்மைக்கு நல்லது. சதுர கிலோமீட்டருக்கு 47 என்றால் எந்தக் காடும் தாங்காது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் மலேசியாவுக்குள் நுழைந்து காட்டுப் பன்றிகளையும் பிடித்தபோது, நெருக்கமாக இருப்பவர்களிடம் நோய் வேகமாகப் பரவும் என்ற அதே விதி பன்றிக்கும் பொருந்தியதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

காட்டைச் சுற்றி வேலி போட வேண்டும், பன்றியைச் சுட வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது அதைவிடச் சின்ன காரியம்: உதிர்ந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கிவிட வேண்டும். பெரியப்பா மகன் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலையில் இருக்கிறார், அவரிடம் இதைச் சொன்னேன். எண்ணூறு வகை மரம், பூஞ்சை, பன்றி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவருக்கும் அது லாபம்தான், உதிரிப் பழத்தில்தான் எண்ணெய் அதிகம். "குலை வெட்டவே வெளிநாட்டு ஆள் பத்தலை தங்கச்சி. ரவுண்டு பத்து நாளைக்கு ஒருதடவை வரவேண்டியது இருபது நாளாகுது" என்றார். "மரத்தடியில குனிஞ்சு பொறுக்கிற கூலிக்கு இப்ப யார் வர்றா, சொல்லு."